சஃபாரி என்ற சொல்லும் அதன் விலையும்

‘சஃபாரி’ என்னும் சுவாகிலிச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். ‘சஃபர்’ என்ற அரபி மூலத்திலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையை அடைந்த சொல் அது. உருதுவிலும் இந்தியிலும் வழங்கும் ‘சஃபர்’ அதற்கு உடன்பிறப்பு. நைரோபியிலிருந்து மொம்பாசாவிலுள்ள உறவினர் வீட்டுக்குப் பேருந்து ஏறுபவரையும் ‘சஃபாரி ஞ்ஜெமா’ என்றே வாழ்த்தி வழியனுப்புவர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் சென்றபின் அச்சொல்லின் பொருள் வேட்டைப் பயணமாகச் சுருங்கியது. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி இருந்த இடத்துக்கு ஒளிப்படக் கருவி வந்தது. ஆனால் வேட்டைக்காரரின் சொற்கள் போகவில்லை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகியவற்றைக் குறிக்கும் ‘பெரிய ஐந்து’ என்ற தொகைப்பெயர், நடந்து சென்று வேட்டையாட மிகக் கடினமான விலங்குகளுக்கு வேட்டைக்காரர் இட்டது. இன்றைய விளம்பரங்களில் அதுவே பார்த்து முடிக்க வேண்டிய பட்டியலாகியுள்ளது.

ஓர் இரவுக்கு ஒருவரிடம் ஆயிரம் டாலருக்கு மேல் பெறும் சொகுசு விடுதிகள் இந்தப் பட்டியலைத்தான் விற்கின்றன என்றால், அவ்விலைக்கு நியாயமில்லை. அதே சிங்கத்தை வாடகைச் சிற்றுந்திலிருந்தும் காணலாம். கூடாரத்துக்குள் குளியல் தொட்டி இருப்பதால் காடு எவ்வகையிலும் நெருங்கி வருவதில்லை. இத்தகைய பயணத்தைப் போற்றுவோர் வசதியைச் சொல்லிப் போற்றுகின்றனர். இகழ்வோர் காலனியக் கனவின் மறுநடிப்பு என்று இகழ்கின்றனர். இரு சாராரின் பார்வையும் கூடாரத்தோடு நின்றுவிடுகிறது. அந்தப் பணம் எதை வாங்குகிறது, யாரிடமிருந்து வாங்குகிறது என்பதே ஆராயத்தக்க வினா.

முதலாவதாக, அது கூட்டக் குறைவை வாங்க வேண்டும். மாசாய் மாராவில் ஒரு சிவிங்கிப்புலியைச் சூழ்ந்து பல வண்டிகள் நிற்கும் காட்சி பலரும் அறிந்ததே. அதன் விளைவை 2018இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது: சுற்றுலாப் பயணிகள் மிகுந்த பகுதிகளில் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி தனித்து வாழும் பருவம்வரை வளர்த்தெடுத்த குட்டிகள் சராசரியாக 0.2, பயணிகள் குறைந்த பகுதிகளில் 2.3. எனவே வண்டிகளின் எண்ணிக்கை, பார்ப்பவரின் வசதியை மட்டும் பற்றியதன்று. ஓர் இனத்தின் அடுத்த தலைமுறையையும் பற்றியது. தேசியக் காப்பகத்தை ஒட்டியுள்ள சமூகக் காப்பு நிலங்களில் படுக்கைகளின் எண்ணிக்கைக்கும், ஒரு விலங்கின் அருகே நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. குறைவான பயணிகளைக் கொண்டு நிலத்தைக் காக்க வேண்டுமானால், ஒவ்வொருவரும் தரும் தொகை உயர்ந்தாக வேண்டும். இங்கே விலைக்கு ஒரு காரணம் இருக்கிறது.

ருவாண்டா இதே கணக்கை வெளிப்படையாகவே போட்டது. மலைக் கொரில்லாக்களைக் காணும் அனுமதிச் சீட்டின் விலை 2017இல் 750 டாலரிலிருந்து 1,500 டாலராக உயர்ந்தது. ஒரு கொரில்லாக் குடும்பத்தை நாளொன்றுக்கு எட்டுப் பேர் மட்டுமே, ஒரு மணி நேரம் மட்டுமே காணலாம். பூங்கா வருவாயில் சுற்றுப்புற ஊர்களுக்குச் செல்லும் பங்கும் அவ்வாண்டு 5 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடானது. மலைக் கொரில்லாக்களின் மொத்த எண்ணிக்கை இன்று ஆயிரத்தைத் தாண்டியுள்ளது. அதற்குச் சுற்றுலா மட்டுமே காரணமன்று. கால்நடை மருத்துவரின் உழைப்பும் காவலரின் உயிரிழப்பும் அதில் அடங்கும். ஆயினும் அந்த உழைப்புக்குக் கூலி எங்கிருந்தோ வர வேண்டுமல்லவா?

இரண்டாவது அளவுகோல் நிலம். மாராவின் காப்பு நிலங்களில் மசாய்க் குடும்பங்கள் உரிமையாளர்கள், விடுதிகள் குத்தகைதாரர்கள். விலங்கு வந்தாலும் வராவிட்டாலும் குத்தகை உண்டு. முறைப்படுத்தப்பட்ட மேய்ச்சலும் உண்டு. இவ்வேற்பாடு குறையற்றதன்று. பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருப்பதால் குத்தகைப் பணமும் அவர்களுக்கே சேர்கிறது. நிலமில்லாதவருக்கு வேலை கிடைத்தால்தான் உண்டு. 2020இல் பெருந்தொற்றால் பயணங்கள் நின்றபோது குத்தகையும் தடுமாறியது. ஒரே வருவாயை நம்பிய காப்பு முறை எவ்வளவு எளிதில் உடையக்கூடியது என்பதை அந்த ஆண்டு காட்டிற்று. இருந்தும், உரிமையாளராக இருப்பவர் பேரம் பேசலாம், மறுக்கலாம். அந்த உரிமை வேறு எவ்வகையிலும் கிடைப்பதில்லை.

அது இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குத் தான்சானியா சான்று. செரெங்கெட்டி என்ற பெயரே மசாய் மக்களின் மாஆ மொழியில் முடிவற்ற வெளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர். அப்பெயரைத் தந்தவர்கள் 1959இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு நுகோரோங்கோரோவுக்கு அனுப்பப்பட்டனர். 2022 ஜூனில் லொலியோண்டோவில் ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை அரசு எல்லைக்கல் நட்டுப் பிரித்தபோது மீண்டும் மோதல் வெடித்தது. காயமுற்ற பலர் எல்லை தாண்டிக் கென்யாவுக்குச் சென்றனர். பெயர் அவர்களுடையது, நிலம் அவர்களுடையதன்று என்ற நிலையில் எத்தனை நட்சத்திரத் தகுதி பெற்ற விடுதியும் அந்த வெளியேற்றத்தின் மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது அறிவு. பறவையின் எச்சரிக்கை ஒலியைக் கேட்டுச் சிறுத்தை இருக்கும் திசையைச் சொல்வதும், மண்ணில் பதிந்த தடத்தின் விளிம்பைப் பார்த்து அது எப்போது கடந்தது எனக் கணிப்பதும் நூலில் மட்டும் படித்துப் பெறும் கல்வியன்று. கால்நடை மேய்த்து வளர்ந்தோர் தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு அது. மாராவின் தேசியக் காப்பகத்துக்குள் நடைப்பயணத்துக்கு அனுமதியில்லை; காப்பு நிலங்களில் உண்டு. வண்டியை விட்டிறங்கி அத்தகைய வழிகாட்டியின் பின்னால் இரண்டு மணி நேரம் நடப்பவர் ஒரு யானையைக்கூடக் காணாமல் திரும்பக்கூடும். ஆனால் பயணம் என்ற மூலப்பொருளுக்கு மிக அருகில் அவர் சென்றிருப்பார். அந்த அறிவுக்கு உரிய ஊதியமும் மதிப்பும் தரப்படுகின்றனவா, அல்லது சிவப்புப் போர்வை அணிந்து வாயிலில் நின்று வரவேற்பதற்கு மட்டும் அம்மனிதர் வேண்டப்படுகிறாரா என்பதில் விலையின் பெரும்பகுதிக்கு விடை இருக்கிறது.

ஆகவே சொகுசை அப்படியே ஒதுக்குவதும் தவறு, அப்படியே ஏற்பதும் தவறு. முன்பதிவு செய்வோர் விடுதியிடம் கேட்க வேண்டியவை எளியவை: இந்த நிலம் யாருடையது? குத்தகை யாருக்கு, எவ்வளவு செல்கிறது? ஒரு விலங்கின் அருகே எத்தனை வண்டிகள் நிற்கலாம்? வழிகாட்டி எந்த ஊரார், மேலாளர் எந்த ஊரார்? இவற்றுக்குத் தயங்காமல் விடை தரும் விடுதிக்குக் கொடுக்கும் பணம் வீணன்று. இந்தியப் புலிக் காப்பகங்களின் வாயிலில் வரிசையில் நிற்போரும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு, இவற்றுள் முதல் வினாவையேனும் கேட்கலாம்.