பாடம் வழக்கறிஞருக்கு, பயன் கட்சிக்காரருக்கு

எடைக்கணக்கில் கூலி வாங்கும் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். எத்தனை கிலோ கொழுந்து, கிலோவுக்கு எத்தனை காசு, பிடித்தம் போக மிச்சம் எவ்வளவு என்று சில வரிகள் இருக்கும். அந்தக் கணக்கு சரியா தவறா என்று சொல்வதற்குச் சீட்டில் எழுதாத ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எடைக்கூலி வாங்குபவரின் மாதச் சம்பளமும் அரசு விதித்த குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். தீபகற்ப மலேசியாவில் அந்தத் தொகை 2013இல் 900 ரிங்கிட். 2016இல் 1,000, 2019இல் 1,100, 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700 என்று ஏறி வந்திருக்கிறது. நடுவில் 2020இல் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு மட்டும் 1,200 ஆனது. மாவட்ட மன்றத்தின் கீழ் இருந்த கேமரன் மலை 1,100இலேயே நின்றது. ஐந்தாறு ஆண்டுப் பாக்கியைக் கேட்டு வருபவருக்காகக் கணக்குப் போடும் வழக்கறிஞர் இந்தப் படிகளில் ஒன்றைத் தவறவிட்டால், நட்டம் அவருக்கு இல்லை. சீட்டை நீட்டியவருக்குத்தான்.

மலேசிய வழக்கறிஞர் மன்றம் தன் உறுப்பினர்களுக்கான தொடர்கல்வித் திட்டத்தில் 2016 ஜூலை முதல் 24 மாதச் சுற்றுக்கு 16 புள்ளிகள் என்று அளவு வைத்தது. நல்ல தொடக்கம் அது. ஆனால் எத்தனை புள்ளி என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எதற்கான புள்ளி என்றும் கேட்க வேண்டும். அந்தப் புள்ளிகளில் ஒரு பங்கைப் புதிய சட்டங்கள், மனச்சாய்வு (ஆளைப் பார்த்ததும் நம்மை அறியாமலே எழும் பாரபட்சம்), வழக்கறிஞரின் உடல்மன நலம் ஆகிய மூன்றுக்கும் தவறாமல் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. இவற்றை வழக்கறிஞருக்குக் கிடைக்கும் கூடுதல் தகுதிகளாகப் பார்க்கக் கூடாது; கட்சிக்காரருக்கு அவர் பட்டிருக்கும் கடனாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் மூன்று ஆண்டுக்கு 25 மணி நேரப் படிப்பைக் கேட்கிறது. அதற்குள்ளேயே தொழில் நெறிக்கும், பாகுபாட்டைக் களைவதற்கும், தொழில் திறனைக் கெடுக்கும் மன உளைச்சல், போதைப் பழக்கம் போன்றவற்றுக்கும் தனித்தனியாக நேரம் குறித்திருக்கிறது. நமக்கும் அது முடியாத காரியம் அல்ல.

கேமரன் மலை போன்ற இடத்தில்தான் இதன் அவசரம் தெளிவாகத் தெரிகிறது. மாநிலம் பகாங், தலைநகர் குவாந்தானோ கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் பழைய சாலை பேராக்கின் தாப்பாவுக்குப் போகிறது, மற்றொன்று ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயில் முடிகிறது. கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் சரியில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொருவரைப் பார்க்கலாம். மலைமேல் உள்ள ஹாபுவிலிருந்தோ சுங்கை பாலாஸிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து இறங்கி வருபவருக்கு அந்த வசதி இல்லை. முதலில் கிடைப்பவரே அவருக்குக் கடைசி வழக்கறிஞராகவும் இருந்துவிடலாம். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 98 நாளாக்கியது, வார வேலை நேரத்தை 45 மணியாகக் குறைத்தது. வேலையிடப் பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கத் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநருக்கு 69எஃப் பிரிவில் அதிகாரம் தந்தது. எழுத்து ஒப்பந்தமே இல்லாவிட்டாலும், வேலை நடக்கும் விதத்தைப் பார்த்து ஒருவரைத் தொழிலாளி என்று அனுமானிக்க 101சி பிரிவு வந்தது. குத்தகையாளரின் கீழ் வேலை செய்பவருக்கு இந்த ஒரு பிரிவே வழக்கின் திசையை மாற்றக்கூடும். அதை அறியாத வழக்கறிஞர் "உங்களுக்குக் கேஸ் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டால், அந்தத் தவறு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது, எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழவும் வேண்டும். தோட்டத்துப் பெண் ஒருவர் வழக்கறிஞர் பேசப் பேச "ஆமாங்க ஐயா, சரிங்க ஐயா" என்கிறார். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதே அதற்குப் பொருள். எதிரில் இருப்பவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சமரசத் தாளில் கையெழுத்து வாங்கிவிடலாம். வழக்கறிஞரும் தமிழர் என்பதால் இந்தத் தவறு நேராது என்று நினைக்க வேண்டாம். "எஸ்டேட்டு ஆளு, தண்ணிப் பிரச்சினையாத்தான் இருக்கும்" என்ற முன்முடிவு தமிழில்தான் பிறக்கிறது. அதே மலையில் வாழும் செமாய் பூர்வகுடியினர் குறித்தும், வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்து நம்மவர் பறித்த செடிகளிலேயே இன்று கொழுந்து பறிப்பவர்கள் குறித்தும் நம்மிடம் உள்ள எண்ணங்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2014இல் ஒரு சோதனை நடந்தது. வேண்டுமென்றே பிழைகள் வைத்து எழுதிய ஒரே சட்டக் குறிப்பைச் சட்ட நிறுவனப் பங்குதாரர்களிடம் கொடுத்தார்கள். எழுதியவர் வெள்ளையர் என்று நினைத்தவர்கள் ஐந்துக்குச் சராசரி 4.1 மதிப்பெண் போட்டார்கள். கறுப்பினத்தவர் என்று நினைத்தவர்கள் போட்டது 3.2. அவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. கண் தானாகவே ஒருவரிடம் கூடுதலாகக் குறை தேடியிருக்கிறது.

மனச்சாய்வுப் பயிற்சியால் என்ன பயன் என்று கேட்பவர்களின் ஐயம் நியாயமானது. 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்று ஒன்பது வகைப் பயிற்சிகளைச் சோதித்தது. அத்தனையும் உடனடியாகப் பலன் தந்தன. சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் அந்தப் பலன் கரைந்துபோனது. ஆகவே, ஒரு மணி நேரச் சொற்பொழிவைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டால் மனம் திருந்திவிடும் என்று நான் வாதாடவில்லை. இன்னொரு சான்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க நீதிபதிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வின்படி, அவர்களிடமும் மற்றவர்களிடம் உள்ள அதே சாய்வு இருந்தது. ஆனால் தங்கள் தீர்ப்பில் அது புகக் கூடாது என்று விழிப்போடு இருந்தபோது அவர்களால் அதைக் கட்டுப்படுத்த முடிந்தது. எனவே வகுப்பில் கற்றுத்தர வேண்டியது விழிப்போடு வேலை செய்யும் பழக்கங்களை. கட்சிக்காரர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்பது, குடும்பத்தார் யாரையாவது மொழிபெயர்க்க வைக்காமல் முறையான மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குவது, எல்லாரிடமும் ஒரே வரிசையில் கேட்கும் கேள்விப் பட்டியல் வைத்திருப்பது ஆகியவை அப்படிப்பட்டவை. மனம் மாறும்வரை காத்திருக்காமல் நாளைக் காலையிலிருந்தே இவற்றைச் செய்யலாம்.

மூன்றாவதாகச் சொன்ன நலம் குறித்துத்தான் எதிர்ப்பு அதிகம். வழக்கறிஞரின் தூக்கமும் கவலையும் அவரது சொந்த விஷயம், அதற்கு எதற்குப் புள்ளி என்கிறார்கள். 2016இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 வழக்கறிஞர்களிடம் விசாரித்தபோது, நூற்றுக்கு 28 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், ஐந்தில் ஒருவரிடம் ஆபத்தான குடிப்பழக்கமும் தெரிந்தன. அந்த எண்கள் அப்படியே நம் நாட்டுக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். காரணங்களோ நமக்கும் தெரிந்தவைதான். காலையில் ஒரு ஊர் நீதிமன்றம், மதியம் இன்னொரு ஊர், நடுவே மலைச்சாலை, இரவில் மறுநாள் வழக்குக் கட்டு என்று தனியாளாக அலுவலகம் நடத்துபவருக்கு ஓய்வுநேரம் கிடைப்பது அரிது. களைத்த மனம் ஒரு தேதியைத் தவறவிட்டால் கட்சிக்காரரின் வழக்கு காலாவதியாகலாம். களைப்பில் பொறுமை போனால் முதலில் பழைய முன்முடிவுகள்தான் நாவுக்கு வரும். தூக்கமில்லாத ஓட்டுநரைப் பற்றிப் பேசும்போது அது அவர் சொந்த விஷயம் என்று நாம் விட்டுவிடுவதில்லை, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துப் பார்க்கிறோம். இங்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நேரம் இல்லை, செலவு ஆகும், சிறு ஊர் வழக்கறிஞர் எப்படி வருவார் என்ற கேள்விகள் மிஞ்சுகின்றன. அவற்றுக்கு நடைமுறையிலேயே விடை உண்டு. 16 புள்ளிகளைக் கூட்ட வேண்டாம். அவற்றில் நான்கை மட்டும் இந்த மூன்று பாடங்களுக்கு ஒதுக்கினால் போதும். கட்டணம் இல்லாமல் காணொளி வழியாக நடத்தலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு வகுப்புகளையாவது கேமரன் மலையிலேயே தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ வைத்து, தோட்டத் தொழிலாளர்களையும் பூர்வகுடிகளையும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களையும் பேச அழைக்கலாம். அன்று பிற்பகலே அதே மண்டபத்தில் இலவசச் சட்ட ஆலோசனையும் நடக்கட்டும். காலையில் படித்ததை வழக்கறிஞர் அங்கேயே செய்து பார்க்கலாம். படிப்பு பலித்ததா என்று அறிய வருகைப் பதிவேடு உதவாது. சம்பளச் சீட்டோடு வந்தவர் எழுந்து போகும்போது, தன் பாக்கி எவ்வளவு, அடுத்து எங்கே போக வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று தன் சொந்தப் பேச்சில் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். அவர் சொன்னால் அந்த வழக்கறிஞருக்குப் புள்ளி கொடுக்கலாம்.