ராத்திரி ரெண்டர் ஓடுது... மீட்டரும் சேர்ந்து ஓடுது!

பாளையங்கோட்டை, டவுன் பக்கம் வேலை பார்த்துக்கிட்டே, சைடு இன்கமுக்கு வீட்டு எலிவேஷன் 3டி செய்து கொடுக்கிறவங்க இருக்காங்க. "பிளெண்டர் இலவசம், கம்ப்யூட்டர் ஏற்கனவே இருக்கு, தூங்கும்போது பேக்கிரவுண்டில் ரெண்டர் ஆகிடும். வர்றதெல்லாம் லாபம்"னு ஒரு நினைப்பு. நான் இதை ஒத்துக்க மாட்டேன்.

கணக்குப் போடுவோம். கிராஃபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது கம்ப்யூட்டர் மொத்தமா 350 வாட் எடுக்குதுன்னு வைங்க. ராத்திரிக்கு 8 மணி நேரம்னா 2.8 யூனிட். ரெண்டு மாசத்தில் 50 ராத்திரி ஓட்டினா 140 யூனிட்.

இப்போ நம்ம ஸ்லாபுக்கு வருவோம். 2024 ஜூலை ரேட்டில், வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமா இருந்தது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினா, 101 முதல் 200 வரைக்கும் இருந்த சலுகை ரேட் போயிடுச்சு. அதிலேயே 200 ரூபாய்க்கு மேல கூடுச்சு. தாண்டின ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல.

அந்த 2024 ஜூலை ரேட்டில் பாருங்க:

• வழக்கமா 250 யூனிட் ஆகிற வீடு: இந்த 140 யூனிட்டுக்குக் கூடுதல் செலவு சுமார் 660 ரூபாய்.
• ஏசி ஓடி 450 யூனிட் ஆகிற வீடு: அதே 140 யூனிட்டுக்கு சுமார் 1,300 ரூபாய்.

வேலை ஒண்ணுதான், செலவு ரெண்டு மடங்கு! நம்ம ஊர் சித்திரை வெயிலில், ரெண்டர் ஓடுற சூட்டுக்கு ஏசி கூடுதலா இழுக்கிறது தனி. பாபநாசத்தில் நீர்மின்சாரம் தயாரானாலும், கயத்தாறில் காற்றாலை சுத்தினாலும் நம்ம ஸ்லாப் மாறாது. வீட்டு இணைப்புக்கு ராத்திரி ரேட்னு தனியாவும் கிடையாது.

பல வீட்டில் கரண்ட் பில் கட்டுறது அப்பா. அப்போ நீங்க லாபம்னு சொல்றதில் ஒரு பங்கு அவர் பாக்கெட்டிலிருந்து வந்தது.

அதுக்காக வேலையை விடச் சொல்லலை. பிளக்கில் மாட்டுற வாட் மீட்டர் ஒண்ணு வாங்கி, ஒரு ராத்திரி அளந்து பாருங்க. கார்டோட பவர் லிமிட்டைக் குறைங்க. வேகம் அதே அளவுக்குக் குறையாது. எல்லாத்துக்கும் சைக்கிள்ஸ் வேண்டாம், ஈவீ போதுமான்னு பாருங்க. 2025-ல் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' அனிமேஷன் படமே ஈவீயில் ரெண்டர் ஆனதுதான்.

முக்கியமா, அடுத்த கொட்டேஷனில் கரண்டுக்கு ஒரு வரி சேருங்க. கஸ்டமர் கொடுக்கிற அந்தப் பணத்தை, பில் வரும்போது அப்பா கையில் கொடுங்க. மிச்சம் இருக்கிறதுதான் உங்க வருமானம்.