அக்காவும் வரி கட்டுகிறார்

திரிங்காப் கடையில் எனக்கு முன்னால் ஓர் அக்கா. அடையாள அட்டையைக் கொடுத்து அரிசி வாங்கினார். 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயதான குடிமக்கள் எல்லோருக்கும் அரசு வழங்கிய 100 வெள்ளி அது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். “நாங்க வரியா கட்டுறோம் தம்பி? கொடுக்குறத வாங்கிக்கிறோம்” என்றார் கூச்சத்துடன்.

வானொலியில் மணிக்கணக்காகப் பேசுகிற எனக்கு அங்கே வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கு வருமான வரி இல்லை. சரி. ஆனால் வீட்டில் மாதக் கட்டணக் கைப்பேசி இருந்தால் அதில் 6 விழுக்காடு சேவை வரி. 2015 ஏப்ரல் முதல் 2018 மே வரை சோப்புக்கும் பற்பசைக்கும் 6 விழுக்காடு ஜிஎஸ்டி. அவர் பறித்த கொழுந்தில் வந்த லாபத்துக்கு நிறுவனமும் வரி செலுத்துகிறது. அதிலும் அவர் வியர்வை உண்டு.

திரும்பி வந்தது எவ்வளவு? தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால், கிராம மேம்பாட்டுப் பணம் பல தோட்டங்களுக்குள் நீண்ட காலம் நுழையவே இல்லை.

சம்பளச் சீட்டில் வரிப் பிடித்தத்தைப் பார்த்து, “நம்ம காசுல எல்லாரும் சாப்பிடுறாங்க” என்று முணுமுணுக்கும் நண்பர்களே, அதில் அக்காவின் காசும் இருக்கிறது.

அக்கா, கூச்சம் வேண்டாம்.