பன்னிரண்டு ஊர்களைப் பொறுக்கியது யார்?

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கத் திட்டத்தைத் தடுத்து, பன்னிரண்டு குக்கிராமங்கள் சேர்ந்து நாட்டின் வளர்ச்சியையே முடக்கிவிட்டன என்று பொருமும் ஒரு கட்டுரையாளர், அந்தப் பன்னிரண்டைப் பொறுக்கியது யார் என்ற கேள்வியின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. 2013 ஏப்ரல் 18 அன்று, கிராம சபைகளைக் கேட்டு முடிவெடுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். மலையைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, ராயகடாவில் ஏழு, களஹாண்டியில் ஐந்து என்று எண்ணிக் கொடுத்தது ஒடிசா அரசு. தன் சுரங்கக் கழகத்தின் வழியாக அந்தத் திட்டத்திலேயே பங்காளியாக இருந்த அரசு. இது போதாது என்று ஆட்சேபித்தது மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம். சுரங்கம் கேட்டவர்களே தேர்ந்தெடுத்த பன்னிரண்டு ஊர்களும் வேண்டாம் என்றன. இதைச் சிறுபான்மையின் அடாவடி என்பவருக்குக் கணக்குத் தெரியவில்லையா, தெரிந்தே மறைக்கிறாரா?

வெளியாட்கள் தூண்டிவிட்டார்களாம். சபைகள் கூடியது மாவட்ட நீதிபதி நிலையிலான அதிகாரிகளின் முன்னிலையில்; தூண்டியது அவர்களா?

மலையைச் சாமி என்பது மூடநம்பிக்கை என்ற வாதத்தில்தான் அவருடைய படிப்பின் ஆழம் தெரிகிறது. நுண்துளைகள் நிறைந்த பாக்சைட் படிவம் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடுகிறது. கோடையிலும் வற்றாத ஓடைகள் அங்கிருந்து இறங்குகின்றன, வம்சதாரா பிறப்பதும் அங்கேதான். மலையில் வாழும் டோங்கிரியா கோந்தர் பழங்குடியினர் சரிவில் அன்னாசியும் இஞ்சியும் மஞ்சளும் விளைவிக்கிறார்கள். உச்சி தங்கள் மலைத்தெய்வமான நியமராஜாவுடையது என்று அதில் கைவைப்பதில்லை. ஊற்றுக்கண்ணைக் காக்கும் பக்தி மூடத்தனம், அதைத் தோண்டியெடுத்த பின்னும் ஓடை ஓடும் என்பது பகுத்தறிவு என்றால், அந்தப் பகுத்தறிவு யாருக்கு வேண்டும்?

கருத்துக் கேட்டால் போதும், ஒப்புதல் எதற்கு என்பதே அவருடைய மையவாதம். கேட்ட லட்சணம் மலையடிவாரத்து லாஞ்சிகரில் தெரிந்ததே! மலையை வெட்ட அனுமதி கிடைக்குமுன்பே, தூத்துக்குடியில் நாம் நன்கறிந்த வேதாந்தா குழுமம் அங்கே அலுமினா ஆலையை எழுப்பிவிட்டது. ஊர்ப் பொதுக்காட்டில் 26 ஹெக்டேரைச் சட்டவிரோதமாக வளைத்து வேலி போட்டதை 2010இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த சக்சேனா குழு பதிவுசெய்தது. முதலை முடக்கிவிட்டு வந்து நிற்பவனுக்கு வேண்டியது கருத்தா, கையெழுத்தா?

2013இன் தோல்வியை இப்போது எதற்குக் கிளறுகிறார் என்பது கட்டுரையின் கடைசிப் பத்தியில் வெளிப்பட்டுவிடுகிறது: 2022 வனப் பாதுகாப்பு விதிகளுக்குப் பாராட்டுப் பத்திரம். மத்திய அரசு முதலில் அனுமதியை முடித்துவிடலாம், காட்டின் உரிமையாளர்களைக் கேட்பது பிறகு மாநில அரசின் பாடு என்று வரிசையைப் புரட்டிய விதிகள் அவை. அவற்றை நிறுத்திவைக்கச் சொன்னது தேசியப் பழங்குடியினர் ஆணையம். அதுவும் வெளியாள் கூட்டமோ?

ஆனால் கிராம சபைகளுக்கு அந்த அதிகாரத்தைத் தந்த 2006 வன உரிமைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நியம்கிரி சபைகளைத் திரும்பக் கூட்டக் கோரிய ஒடிசா சுரங்கக் கழகத்தின் மனுவை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது.