பிழைக்காத சிசுவும் நர்சின் வேலைப்பளுவும்

ஓர் ஆளுக்கு எத்தனை தறி என்று ஆலை வாசலில் சண்டை போட்டவர்கள் நாம். வேலைப்பளு என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் ஜில்லா ஆஸ்பத்திரியில், பச்சைக் குழந்தைகள் வார்டில் நிற்கும் நர்சின் வேலைப்பளுவை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அங்கே வரும் சிசுக்களில் பெரும்பாலானவை பிழைத்து வீடு திரும்புகின்றன. சில பிழைப்பதில்லை. மாதம் நிறையாமல் அரைக் கிலோ எடையில் பிறந்தது, மூளை வளராமல் பிறந்தது. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். பொய்! செய்ய நிறைய இருக்கிறது. வலி தெரியாமல் மருந்து கொடுக்க வேண்டும். வீண் ஊசிகளை நிறுத்த வேண்டும். உதட்டில் ஒரு துளி தாய்ப்பால் தடவி, துணியில் சுற்றித் தாயின் மார்பில் கிடத்த வேண்டும். பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, போதிய மயக்க மருந்தில்லாமல் ஆபரேஷன் செய்த டாக்டர்கள் இருந்தார்கள். அது தவறென்று 1987ல் ஆக்ஸ்போர்டில் கே.ஜே.எஸ். ஆனந்தும் சகாக்களும் காட்டினார்கள். பக்கத்தில் நின்ற நர்சைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பாள்!

சாவை விடக் கொடுமை, குழந்தை தனியாகச் சாவதுதான் என்கிறார்கள் நர்சுகள். தாய் எங்கே? தாலுகா ஆஸ்பத்திரியில் தையலோடு படுத்திருக்கிறாள். குழந்தை பாட்டியோடு ஆம்புலன்சில் வந்தது. தகப்பன் வராந்தாவில் நிற்கிறான். பெற்றோரை வார்டுக்குள் சேர்த்துக்கொள்ள 2017ல் மத்திய சர்க்கார் வழிகாட்டுதல் போட்டது. நல்லதுதான். ஆனால் அவர்களைக் கை கழுவ வைத்து, கூட நின்று, குழந்தையைக் கையில் கொடுப்பது யார்? அதே நர்சுதான்.

மூன்று நான்கு படுக்கைக்கு ஒருத்தி என்பது சர்க்கார் கணக்கு. சாகும் சிசுவோடு அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மற்றவற்றின் மூச்சைப் பார்ப்பது யார்? ஆள் கேட்டால் என்ன கிடைக்கிறது? 2015ல் தமிழ்நாட்டில் பரீட்சை எழுதித் தேறிய நர்சுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தபோது, "நோயாளியை விட்டு வரலாமா?" என்று உபதேசம் செய்தார்கள். ஒருத்தி தலையில் நாலு உயிரைச் சுமத்தியவர்களுக்கு இந்த உபதேசம் வாய்க்கு வருகிறது!

குழந்தை இறந்ததும் வார்மரைத் துடைத்து அடுத்த சிசுவைப் போட வேண்டும். ஷிப்டு முடியவில்லை, அழ நேரமில்லை.

ஆஸ்பத்திரி சம்பந்தமாக நம் சங்கங்கள் கொடுக்கும் மகஜரில் இதையும் எழுதுங்கள்: நிரந்தர நர்சுகள் வேண்டும், தாயையும் சிசுவோடு ஒரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், பிழைக்காத சிசு இருக்கும் இரவில் கூடுதலாக ஒரு நர்சு வேண்டும்.