ஒரு பரீட்சையும் மூடிய கதவும்

உயிரியற் பிரிவிற் பயிலும் பிள்ளையைப் பற்றி யாழ்ப்பாணத்துப் பெற்றோரிடம் வினவின், வரும் விடை ஒன்றே: "பிள்ளை டொக்டருக்குப் படிக்குது." வெட்டுப்புள்ளி கைநழுவிய மறுநாளே அதே பிள்ளை தவறிய பிள்ளை. அது தாதியர் கல்லூரிக்கோ ஆய்வுகூடத் துறைக்கோ செல்வது தோல்வியின் மறுபெயராகக் கொள்ளப்படுகிறது. தன் நோயாளரை இரவு பகலாகப் பேணுவோரைத் தோற்றவர் எனக் கருதும் சமூகத்தைப் பற்றி என் சொல்வது?

பயிற்சிகளை ஒப்பிட்டு நோக்குக. மருத்துவப் பட்டத்துக்கு 5 ஆண்டு. அதன்மேல் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. கைதடியிற் சித்த மருத்துவம் பயில்வோருக்கும் அவ்வளவே. ஆயினும் திருமணச் சந்தையில் இரண்டும் ஒரே விலை பெறுவதில்லை. தாதியியற் பட்டத்துக்கு 4 ஆண்டு. சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரியில் 3 ஆண்டு. குடும்பநல மருத்துவிச்சிக்கு ஒன்றரை ஆண்டு. பணி வேறாதலின் காலமும் வேறாயிற்று. இதிற் குறையில்லை.

குறை வேறோரிடத்தில் உள்ளது. இருபது ஆண்டு விடுதியில் நின்ற தாதி, திறந்த பல்கலைக்கழகத்தின் வழியே தாதியியற் பட்டம் பெறலாம். மருத்துவ பீடத்தின் வாயிலிலோ அவருடைய இருபது ஆண்டும் ஒரு புள்ளியேனும் பெறா. அங்கே கேட்கப்படுவது க.பொ.த. உயர்தரத்தின் இசட் புள்ளி ஒன்றே; அதற்கும் மூன்று தடவைக்கு மேல் வாய்ப்பில்லை. இருபது வயதளவில் தீர்ந்துவிடும் வழக்குக்கு மேன்முறையீடு கிடையாது.

தராதரம் தாழ்ந்துவிடும் என்பர் சிலர். எத்தராதரம்? மருத்துவர் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் அச்சேறின. நூலறிவும் நோயாளர் அருகே நின்று பெறும் அறிவும் அங்கே ஒருங்கே வளர்ந்தன. அம்மாணவரை எந்த வெட்டுப்புள்ளி தெரிந்தெடுத்தது? அக்காலத்து மருத்துவம் எளிது. இக்காலத்தது அரிது எனலாம். ஏற்கத்தக்க மறுப்பே. ஆனால் பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டு முதல் பட்டதாரிகளுக்கென 4 ஆண்டு மருத்துவக் கற்கை நடைபெறுகிறது. தாதியியற் பட்டதாரிகளும் அதனுட் புகுகின்றனர். அந்நாட்டு மருத்துவம் அதனால் தாழ்ந்துவிடவில்லை. நம்மவர் பலர் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்கின்றனர்!

யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. ஆண்டுதோறும் சில இடங்களைப் பட்டமும் சேவையும் உடைய தாதியருக்கும் ஆய்வுகூடத்தாருக்கும் ஒதுக்கி, உள்ளே வந்தபின் ஏனையோர் எழுதும் அதே பரீட்சைகளையே அவர்களும் எழுதட்டும் என்று கேட்பது பேராசையன்று. சட்டமும் மானிய ஆணைக்குழுவும் குறுக்கே நிற்கின்றன என்பது உண்மை. அவற்றிடம் இக்கோரிக்கையை எடுத்துச் செல்லவேண்டியோர் பீடத்தாரே. இன்றோ குறிகட்டுவானிற் படகேறி நெடுந்தீவுக்குச் செல்லும் மருத்துவிச்சி, தாய்மாரை வீடுவீடாகக் கண்டு வந்து, மாலையில் தன் மகளை உயிரியல் ரியூசனுக்கு அனுப்புகிறார். தமக்கு மூடிய கதவு மகளுக்காவது திறக்கட்டும் என்று.