தண்ணியக் கேளுங்கய்யா!

"டி.என்.ஏ. வெச்சு ஏரியில உயிர் கணக்கெடுக்கறதெல்லாம் பணக்கார நாட்டு விளையாட்டு"ன்னு நண்பர் ஒருத்தர் பதிவு போட்டிருக்கார். படிச்சதும் கடுப்பாயிட்டேன்.

எங்க தேனிப் பக்கம் பொட்டிப்புரத்துல வந்து பேசச் சொல்லுங்க. அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு நியூட்ரினோ ஆய்வகம்னாங்க. சூழல் அறிக்கை எழுதுன சலீம் அலி மையத்துக்கு அதுக்கான அங்கீகாரமே இல்லைன்னு 2017-ல பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்துச்சு. 2018-ல மத்திய அமைச்சகம் மறுபடி குடுத்துச்சு. 2022-ல மாநில அரசு உச்ச நீதிமன்றத்துல முடியாதுன்னுச்சு. எல்லாம் காகிதச் சண்டை!

மீனு, தவளை எல்லாம் செதிலு, சளி, கழிவுன்னு தண்ணியில விட்டுட்டுப் போகும். அதை வடிகட்டி, சிக்குன டி.என்.ஏ.வைப் படிச்சா யார் யார் இருக்காங்கன்னு தெரியும். ஹைதராபாத் சி.சி.எம்.பி. சிலிகா ஏரியில செஞ்சே காட்டிருச்சு. பணக்கார நாடாம் :-)

ஓட்டையும் உண்டு. எத்தனை உருப்படின்னு சரியாச் சொல்லாது. நம்மூர் மீனோட டி.என்.ஏ. பதிவு ஏற்கனவே இல்லைன்னா மெஷின் திருதிருன்னு முழிக்கும். அதனால வலை போடுற ஆளுங்க பக்கத்துல இருந்தாகணும்.

ஆனா ஒண்ணு. ஓடைத் தண்ணிய திட்டக்காரரும் எடுக்கலாம், எதிர்க்கிறவரும் எடுக்கலாம், வேற வேற லேபுக்கு அனுப்பிச் சரிபார்க்கலாம். முந்நூறு பக்க அறிக்கையை அப்படிச் சரிபார்க்க முடியுமா, சொல்லுங்க?